பேஸ்மென்றுக்குள் ஒரு கடல்

கனடாவுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் முதலில் நயாகரா நீர்வீழ்ச்சியைச் சொல்வார்கள். அடுத்ததாக ரொறன்ரோவின் சி.என். கோபுரத்தைச் சொல்வார்கள். நானும் இரண்டையும் பார்த்தேன். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக 2023 புரட்டாதியில் போய், மறு வருடம் மாசி வரை நின்று வந்தவள் நான். நயாகராவைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற நகரில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையைப் பற்றி. அங்கே எமது சனம் அதை 'பேஸ்மென்ற்' என்றுதான் சொல்கிறது. (மார்க்கம் என்பது தமிழ்ப் பெயரா என்று நான் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவரின் பெயராம்.)

அந்த வீட்டுக்காரர் என் மருமகனின் ஒன்றுவிட்ட தமையன். பருத்தித்துறைக் கடலில் நீந்தி வளர்ந்தவர். தொண்ணூறுகளில் கனடா போய், பார ஊர்தி ஓட்டி, இன்று சில பார ஊர்திகளுக்குச் சொந்தக்காரர். கையில் நாலு காசு சேர்ந்ததும் மற்றவர்கள் பெரிய கார் வாங்குவார்கள். இவருக்கு வீட்டுக்குள் கடல் வேண்டும் என்று ஆசை. அங்கே வெள்ளைக்காரர், சீனர், எம்மவர் என்று பலருக்கு இந்தப் பொழுதுபோக்கு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் முருகைக்கல்லும் அதோடு வாழும் மீன்களும் வளர்க்கும் தொட்டி. பெரும்பாலானோர் வைத்திருப்பது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் அளவு. இவர் வைத்தது அப்படியல்ல.

நீளம் 12 அடி, அகலம் 4 அடி, உயரம் 3 அடி. கணக்குப் பார்த்தால் 4,000 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. அந்தத் தண்ணீரின் நிறை மட்டும் நாலு தொன். மேல் மாடியில் வைத்தால் பலகைத் தளம் தாங்காது. மண்ணின்மேல் கொங்கிறீற் போட்ட பேஸ்மென்ற்தான் தாங்கும். நான் போனபோது கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியிருந்தது. பத்துப் பேர் பிடித்துப் பின்கதவால் இறக்கினார்களாம். அதன் பின்னாலுள்ள சிறிய அறைக்குள் இன்னொரு தொட்டி, அதற்குள் மோட்டர்கள், குழாய்கள், மீன் கழிவை நுரையாக்கி மேலே தள்ளுகிற உயரமான குடுவை ஒன்று. அதை 'ஸ்கிம்மர்' என்கிறார்கள். மேலே நீல வெளிச்சம் தரும் விளக்குகள். மொத்தச் செலவை நான் கேட்கவில்லை. ஒரு நல்ல காரின் விலை வந்திருக்கும் என்று மருமகன் காதோடு சொன்னார்.

மார்க்கத்திலிருந்து கடல் பல நூறு கிலோமீற்றர் தூரம். பக்கத்தில் இருப்பது ஒன்ராறியோ ஏரி, அது நன்னீர். அப்படியானால் கடல்நீர் எங்கேயிருந்து வரும்? உப்பை வாளியில் வாங்கிக் கரைக்கிறார்கள். கறிக்குப் போடும் உப்பல்ல. கடல்நீரில் உள்ள கல்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த உப்பு. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் மருந்து இருப்பதால் அதை முதலில் பல வடிகளுக்குள்ளால் செலுத்தி வெறும் தண்ணீராக்க வேண்டும். பிறகு லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு. இரண்டு தொட்டிக்கும் சேர்த்து 150 கிலோவுக்கு மேல் கரைத்தார்கள். வடிக்கும் கருவி சொட்டுச் சொட்டாகத்தான் தரும் என்பதால் தொட்டி நிரம்பவே இரண்டு கிழமைக்குக் கிட்டப் போனது.

இந்த வேலைகளை அவர் செய்யவில்லை. அவர் வாரத்தில் நாலு நாள் அமெரிக்கப் பக்கம் பாரம் ஏற்றிப் போய்விடுவார். வடியைப் பார்த்தது, உப்பை நிறுத்தது, வெப்பம் 26 பாகையில் நிற்கிறதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதியது எல்லாம் அவருடைய மனைவி. கணவனின் ஆசை, மனைவியின் வேலை. இதை நான் கனடாவில் புதிதாகக் காணவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. முல்லைத்தீவுக் கரையில் சம்மாட்டி ஒருவரிடம் தொழில் செய்த குடும்பம். 2009 சித்திரையில் தகப்பனையும் தம்பியையும் கடற்கரை மணலிலேயே விட்டுவிட்டு வந்தவள். முகாமில் இருந்து, வெளியே வந்து, கலியாணம் பேசி, கனடா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து கடலில் கால் வைக்கவில்லை. கோடையில் எல்லோரும் ஏரிக் கரைக்கு இறைச்சி சுடப் போனால் அங்கேயும் தண்ணீருக்கு முதுகு காட்டித்தான் இருப்பாளாம். வீட்டுக்குள் கடல் என்று கணவன் சொன்னபோது வேண்டாம் என்று சண்டை பிடித்திருக்கிறாள். உப்பையும் தண்ணீரையும் அவளால் தாங்க முடிந்தது. தொட்டிக்குள் அடுக்கக் கல் வந்த நாள்தான் கஷ்டமாகப் போனது.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொட்டிகளின் அடித்தளமே கல்தான். கூடுதலானது காய்ந்த பழைய முருகைக்கல். கொஞ்சம் 'உயிர்க்கல்'. கடலுக்குள் கிடந்து, பொந்துகளில் பற்றீரியாவும் புழுவும் பாசியும் குடியிருக்கும் கல். ஈரத்தோடு பெட்டியில் வரும். வழியில் அதிலிருந்த சில உயிர்கள் செத்துப்போக, பெட்டியைத் திறந்தவுடன் மணம் எழும்பும். அது கடற்கரை மணம். கரைவலை இழுத்து முடித்த பின்னேரம் வாடியடியில் நிற்பது போல எனக்கு இருந்தது. எனக்கு நிலாவெளி ஞாபகம் வந்து ஆனந்தமாகத்தான் இருந்தது. அவள் கையைத் துடைத்துவிட்டு மேலே போனாள். இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, "மாமி, வெப்பம் எத்தினை காட்டுது?" என்று கேட்டாள்.

கல் வைத்தாயிற்று, தண்ணீர் ஓடுகிறது, மீன் விடலாம்தானே என்று கணவன் ஆசைப்பட்டார். விட்டிருந்தால் எல்லாம் செத்திருக்கும். மீன் விடுகிற கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. கடலில் அது கரைந்து போகும். தொட்டியில் எங்கே போவது? ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். இது அவ்வளவு கெடுதலில்லை. இந்த இரண்டு வகையும் கல்லிலும் மணலிலும் பெருகிக் குடியேறுவதற்கு நாலு தொடக்கம் ஆறு கிழமை வேண்டும். அதுவரை தொட்டியில் மீன் இல்லை. ஆனால் பற்றீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி, பச்சை இறாலைப் போட்டு அழுகவிடுவது. சமையலுக்கு வாங்கிய இறாலில் ஒரு கைப்பிடியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள்.

அந்த நாட்களில்தான் என் பேத்தி பிறந்தாள். மகளுக்குக் காயச்சரக்கு அரைப்பதும், பிள்ளைக்கு எண்ணெய் பூசுவதும், பின்னேரம் நாலு வீடு தள்ளிப் போய் இந்தத் தொட்டியைப் பார்ப்பதும் என் வேலை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கல்லும் தண்ணீரும்தான். ஆனால் அவள் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துத் துளி விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் காட்டுவாள். அமோனியா மருந்தில் மஞ்சள் என்றால் நல்லது, பச்சை கூடினால் நஞ்சு. முதல் இரண்டு கிழமை கடும் பச்சை. பிறகு ஒரு நாள் பச்சை வெளிறத் தொடங்கியது. அப்போது நைத்திரைற்று ஏறியது. துடக்குக் கழிவுக்கு 31ஆம் நாள் வந்தவள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, "இண்டைக்கு மஞ்சள், மாமி" என்று சொன்னாள். நைத்திரைற்று இறங்க இன்னும் பத்து நாள் சென்றது.

அதன் பிறகும் அழகு வரவில்லை. கல் முழுக்க மண்ணிறப் பாசி படர்ந்தது. பிறகு பச்சை மயிர்போலப் பாசி. கணவனுக்குக் கவலை. புதுத் தொட்டிகளுக்கெல்லாம் இது வருமாம். அதை மேய்வதற்கு நத்தைகளையும், சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டுகளையும் முதலில் விட்டார்கள். ஆக, இவ்வளவு காசைக் கொட்டி அமைத்த கடலுக்குள் முதல் குடிவந்தவை கூட்டித் துடைக்கிறவர்கள்!

மீன்களை அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள். ஆனால் அவை தொட்டிக்குள் வரவில்லை. கடையிலிருந்து வரும் மீனில் வெள்ளைப் புள்ளி நோய் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். அந்த ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் பிறகு மீன்களையெல்லாம் பிடித்து வெளியே எடுத்தால் தவிர அதை ஒழிக்க முடியாது. செப்பு மருந்து அதைக் கொல்லும். ஆனால் நத்தை, இறால், முருகை எல்லாவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஆகவே புது மீனை ஒரு மாதத்துக்கு மேல் வேறு தொட்டியில் தனியாக வைத்து, மருந்து போட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும். அந்தத் தனித் தொட்டியில் மண்ணோ கல்லோ இல்லை. மீன் ஒளிப்பதற்காகச் சில பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகள் மட்டும் கிடந்தன. ஒரு நாள் அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்று சொன்னாள்: "எங்களையும் இப்பிடித்தான் மாதக்கணக்கா வேற வைச்சிருந்தவை. எங்களுக்கு ஒளிக்க ஒரு குழாயும் இருக்கேல்லை, மாமி." சொல்லிவிட்டு இன்னும் இரண்டு குழாய்த் துண்டை வெட்டிப் போட்டாள்.

எதை முதல் விடுவது, எதைக் கடைசியில் விடுவது என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. சாதுவானவை முதலில். முதலில் வந்து இடம் பிடித்தது, பிறகு வருவதைத் துரத்தும். அதனால் சண்டைக்காரரைக் கடைசியில்தான் விடவேண்டும். ஒரேயடியாக நிறைய விட்டால் பற்றீரியாவால் கழிவைச் சமாளிக்க முடியாது. ஆகவே இரண்டு கிழமைக்கு நாலைந்து மீன். மார்கழியில் இரண்டு கோமாளி மீன்கள் முதலில் போயின. செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். இவை கடலில் பிடித்தவையல்ல, தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தவை. இவற்றின் குடும்ப ஒழுங்கைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பெரிய மீன் பெண். அதுதான் வீட்டுத் தலைவி. அதற்கு அடுத்தது ஆண். முட்டைகளுக்குச் செட்டையால் விசிறிக் காவல் நிற்பது ஆணின் வேலை. பெண் செத்துப்போனால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். தலைவி இல்லாமல் வீடு நிற்காது என்று இயற்கையே வைத்திருக்கிறது. கணவன்மார் கேட்கும்படி இதை நான் அடிக்கடி சொன்னேன்.

தை மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கடைக்கு வந்ததைக் கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார். வெள்ளை ரெஜிபோம் பெட்டி. உள்ளே ஒவ்வொரு மீனும் தனித்தனிப் பொலித்தீன் பைக்குள். பையில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒட்சிசன். அனுப்புவதற்கு முன் மீனைப் பட்டினி போடுவார்கள், பைக்குள் கழிவு விடாமல் இருக்க. கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர் விமானம் இல்லை. நான் நடுவில் இறங்கி ஏறி வந்த அதே வழியால்தான் அவையும் வந்திருக்கும். எனக்காவது சாப்பாடு தந்தார்கள்.

ஒரு பையில் சிவப்பு இறால்கள். இரத்தம் போல சிவந்த உடம்பில் வெள்ளைப் புள்ளி, வெள்ளை மீசை. இன்னொன்றில் 'பவுடர் புளூ' என்ற மீன். வெளிர் நீல உடம்பு, முதுகில் மஞ்சள், முகம் கறுப்பு, வாலடியில் கத்தி போல முள். இந்து சமுத்திரத்து மீன். எங்கள் புறாமலைப் பக்கம் முகமூடி போட்டுக் குனிந்து பார்த்தால் காணலாம். அங்கே கடையில் அதன் விலை நூறு டொலருக்கு மேல். அதைப் பிடித்தவனுக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு துளி.

பிடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது தெற்கிலும் மேற்கிலும் பிடிப்பார்கள். சித்திரைக்குப் பிறகு அந்தக் கடல் கொந்தளிக்க, கிழக்குக்கு வருவார்கள். சுழியோடிகள் கைவலையோடு இறங்கிப் பொறுக்குவார்கள். முருகைக்கல்லின்மேல் போட்டு மூடி மீனை விரட்டும் 'மொக்சி' வலை கல்லையே உடைத்துவிடும் என்பதால் அதற்குச் சட்டத்தில் தடை. ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு விரைவாக மேலே வந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டிவிடும். கை கால் விளங்காமல் போன ஆண்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். அவர்களைத் தூக்கி இருத்தி, பீங்கானில் சோறு குழைத்து ஊட்டுகிற பெண்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களில் சிலர் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்கள். பையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டுக்கொண்டு நின்றபோது நான் இதைச் சொன்னேன். கணவன் ஒன்றும் பேசவில்லை. அவள் கேட்டாள்: "இந்த ஒரு மீனுக்கு ஆர் இறங்கினதெண்டு எழுதி அனுப்பமாட்டினமோ?" அனுப்பமாட்டார்கள். பெட்டியில் மீனின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும்தான் இருந்தன.

இந்தத் தொழிலை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் கடலுக்குப் பாஸ், கரையிலிருந்து இவ்வளவு தூரம்தான், இந்த நேரம்தான் என்று கட்டிப்போட்டபோது எங்கள் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கடல் திறந்த பிறகு எந்தத் தொழிலும் தொழில்தான். ஆனால் கவனமாகப் பிடித்த மீன் கனடா வரை உயிரோடு வரும். அவசரமாகப் பிடித்தது பைக்குள்ளேயே செத்துவிடும். அப்படிச் செத்ததற்கு ஈடாக இன்னொன்றைப் பிடிக்க இன்னொருவன் இறங்க வேண்டும். தொட்டியில் வளர்க்கக்கூடிய மீனைத் தொட்டியில் வளர்ப்பது நல்லது என்று அங்கும் நினைக்கிறார்கள். மஞ்சள் டாங் என்ற ஹவாய் மீனைக் குஞ்சிலிருந்து வளர்க்க நெடுங்காலம் முயன்று, 2015இல் அங்கேயே ஒரு நிறுவனம் வெற்றி கண்டது. இவர்களுடைய தொட்டியில் உள்ள மஞ்சள் மீன் அப்படி வளர்த்ததுதான்.

முருகைக்கு வருவோம். முருகை கல்லல்ல, உயிர். ஊசித்தலையளவு பிராணிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கடல்நீரில் உள்ள கல்சியத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அந்த வீடுதான் நாங்கள் காணும் கல். அதன் தசைக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும். இலங்கைக் கடலிலிருந்து உயிர் முருகையை எடுத்து ஏற்றுமதி செய்யச் சட்டம் விடாது. இவர்கள் வாங்கியது வேறு தொட்டிகளில் வளர்ந்ததன் துண்டுகள். முருங்கைத் தடி முறித்து நடுவது போலத்தான். ஒரு கிளையை முறித்து, சின்னக் கல்லில் பசை வைத்து ஒட்டினால் அது தனியாக வளரும். அங்கே ஒருவருக்கொருவர் துண்டு கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் பூங்கன்று மாற்றுவது போல. முதலில் தசை போன்ற மெதுவான வகைகளை வைத்தார்கள். அவற்றில் சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு என்பதால் அவள் கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் தொடுவாள்.

கல்லாக வளரும் வகை வந்த பிறகு தண்ணீரில் கல்சியம் குறையத் தொடங்கியது. அதற்கு அவள் செய்ததைக் கண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அடையவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விட்டாள். வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பு, நன்றாகச் சுத்தம் செய்தது. எங்கள் கிழக்குக் கரையில் முருகைக்கல்லை வெட்டி, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். வீடு வெள்ளையடித்தோம், வெற்றிலை போட்டோம். இங்கே சுண்ணாம்பைக் கொடுத்து முருகையை வளர்க்கிறார்கள். முருகைக்கல் வெட்டுவது இப்போது சட்டப்படி குற்றம். ஏன் குற்றம் என்பதை 2004 மார்கழி 26 காட்டியது. தெற்கே ஹிக்கடுவையில் முருகைத் திட்டு மிஞ்சியிருந்த இடத்தைவிட, அது வெட்டியெடுக்கப்பட்ட பேரலியப் பக்கம் கடல் வெகுதூரம் உள்ளே போனது.

தினசரி வேலை ஓய்வதேயில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடாக்கும் காற்று வறண்டது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வாளி தண்ணீர் ஆவியாகிவிடும். தண்ணீர்தான் போகும், உப்பு நின்றுவிடும், எங்கள் நிலாவெளி உப்பளத்தில் போல. அதனால் நன்னீர்தான் ஊற்றவேண்டும். மின்சாரம் நின்றால் இன்னும் ஆபத்து. 2013 மார்கழியில் ரொறன்ரோவில் பனிமழை பெய்து மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. சில வீடுகளுக்கு நாட்கணக்கில். அதை நினைத்து வெளியே ஒரு ஜெனரேற்றர் வைத்திருக்கிறார்கள். நான் நின்ற காலத்தில் ஒருநாள் இரவு மின்சாரம் ஒரு மணித்தியாலம் நின்றது. கணவன் ஊரில் இல்லை. அவள் இருட்டில் ஜெனரேற்றரை இழுத்து ஓடவைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு மோட்டரும் சுற்றுகிறதா என்று கை வைத்துப் பார்த்தாள். ஜெனரேற்றர் இழுக்க எங்கே பழகினாய் என்று நான் கேட்கவில்லை. வன்னியில் இருந்தவளிடம் அதைக் கேட்பதா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில மீன்கள் இரவில் துள்ளி வெளியே விழுந்து காய்ந்துவிடும். அதற்குத் தொட்டியை மூட வலை விற்கிறார்கள். 12 அடிக்குப் பொருத்தமானது கிடைக்கவில்லை. அவள் தங்கூசி நூலும் வலை ஊசியும் எடுத்து, கண்ணுக்குக் கண் அளந்து, தானே பின்னினாள். தகப்பனோடு இருந்து வலை பொத்திய கை. பதினைந்து வருடமாக அந்த முடிச்சைப் போடவில்லை என்றாள். முதல் வரிசைக்குத்தான் நேரம் எடுத்தது. பிறகு கை தானாக ஓடியது. பின்னும்போது தகப்பனைப் பற்றிக் கதைத்தாள். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று அவர் சொல்வதை, அவர் பாடுகிற மாதிரியை, தம்பிக்கு நீந்தப் பழக்கிய கதையை. அவள் அவர்களைப் பற்றிக் கதைத்ததை அதற்கு முன் கேட்டதில்லை என்று பிறகு கணவன் என்னிடம் சொன்னார்.

நான் திரும்பும்போது தொட்டியில் மீன் இருபதுக்கு மேல். பவுடர் புளூ தனித் தொட்டியில் தன் நாட்களை முடித்து, கடைசியாக உள்ளே போனது. போனவுடனே கண்ணாடியில் தன் நிழலோடு சண்டைக்கு நின்றது.

அந்தச் சித்திரையில்தான், உலகம் முழுவதும் முருகைகள் வெளிறுவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 2024இல் அறிவித்தது நாலாவது தடவையாம். கடல் வழமையான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமை நின்றாலே முருகை தன் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் எலும்பு வெள்ளையாகும். நீண்டு நின்றால் செத்துவிடும். 1998இல் கல்பிட்டிக் கடலின் பெரிய திட்டு அப்படித்தான் போனது. அந்தத் தடவை எங்கள் புறாமலை பெரும்பாலும் தப்பியது. மார்க்கத்தில் வெப்பம் 27 ஆனால் கைத்தொலைபேசி அடித்து அவளை எழுப்பும். நிலாவெளிக் கடலுக்கு அப்படி எழும்ப ஆருமில்லை.

2025 ஆவணியில் அவர்கள் ஊருக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் நாலு நாள் நின்றார்கள். புறாமலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அவளே கேட்டாள். நிலாவெளியிலிருந்து படகில் ஒரு கிலோமீற்றர்தான். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. அனுமதிச்சீட்டு எடுத்துத்தான் போகவேண்டும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கடல் படுத்திருக்கும். போகிறவர்கள் காலை நேரத்தில் போங்கள். கல்லின்மேல் மிதிக்க வேண்டாம், ஒன்றும் பொறுக்கி வரவும் வேண்டாம். நீந்தத் தெரியாவிட்டாலும் இடுப்பளவில் நின்று முகமூடியை வைத்துக் குனிந்தால் மீன் தெரியும். சிறிய சுறாக்களும் வரும், ஒன்றும் செய்யாது.

படகு கரையில் தட்டியதும் கணவனும் பிள்ளைகளும் குதித்து ஓடிவிட்டார்கள். அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். படகுக்காரத் தம்பி அவசரப்படுத்தவில்லை. அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். பிறகு கையை நீட்டித் தண்ணீருக்குள் விட்டாள்.

"இருபத்தெட்டு இருக்கும், மாமி," என்றாள். "கொஞ்சம் கூடத்தான்."

செருப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு இறங்கினாள்.